ஆஃப் சீசன் யாருக்கு? பெங்ஹு தீவின் ஆறு மாதக் காற்று

கொடைக்கானல், குற்றாலம் பற்றிப் பேசும்போது 'சீசன்' என்ற வார்த்தையை யோசிக்காமலேயே சொல்லிடறோம். சீசன் என்றால் வெளியூர் ஆட்கள் வரும் காலம். ஊரில் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க அதே ஊர்தான். ஆனாலும் அவர்களுடைய வருஷத்தையும் நாம வந்துபோகும் தேதியை வைத்துத்தான் இரண்டாகப் பிரிக்கிறோம். இந்தப் பிரிப்பு ஒரு ஊரை எவ்வளவு தூரம் மாற்றும் என்று பார்க்க, தைவான் நீரிணையில் இருக்கும் பெங்ஹு தீவுகள் நல்ல உதாரணம்.

பெங்ஹு தைவானுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மொத்தம் 90 தீவுகள். அதில் ஆள் வசிப்பது இருபது தீவுகளில்தான். எல்லாம் சேர்த்தாலும் பரப்பு 130 சதுர கிலோமீட்டருக்குள். பதிவில் இருக்கும் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். கடகரேகை இந்தத் தீவுகளுக்கு நடுவே போகிறது. கோடையில் பவளமும் சிப்பியும் பொடிந்த வெளிர்மணல் கடற்கரை, நீலக்கடல், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கருங்கல் தூண்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் விமானத்தில் இடம் கிடைப்பதே கஷ்டம். அக்டோபரில் காற்று திரும்பியதும் ஊர் காலியாகிவிடும்.

எங்கிருந்து வருது இந்தக் காற்று?

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றின் இன்னொரு கிளைதான் இது. நம்ம கடற்கரையில் 'வாடை' என்று சொல்வோமே, அதற்குச் சொந்தக்காரன். குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பக்கம் நிலம் குளிர்ந்து கனமான காற்று தேங்கும். அது வெப்பமான தென்கடலை நோக்கி வழியும். போகிற வழியில் தைவான் நீரிணை. ஒருபக்கம் சீனாவின் ஃபுஜியன் மலைகள், மறுபக்கம் தைவானின் நடுமலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய காற்று, புனலுக்குள் ஊற்றிய தண்ணீர் மாதிரி வேகமெடுக்கிறது. அந்தப் புனலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது பெங்ஹு.

அங்கே காற்றைத் தடுக்க மலையும் கிடையாது. எந்தத் தீவும் 100 மீட்டர் உயரம்கூட இல்லை. அதனால் இன்னொரு வினோதமும் நடக்கிறது. இதே காற்று தைவானின் வட முனையில் கீலுங் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் மலையில் மோதி, அங்கே குளிர்காலம் முழுக்க மழையாகக் கொட்டும். பெங்ஹுவில் மேலே ஏற வழியில்லாமல் தலைக்கு மேல் அப்படியே ஓடிவிடுகிறது. மழை பெரும்பாலும் கோடையில்தான் பெய்யும். வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர். வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போவது அதைவிட அதிகம். குடிதண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளிலிருந்து வருகிறது.

மழைக்குப் பதிலாக வருவது உப்பு. அலையின் நுனியைக் காற்று கிள்ளி எடுத்து, புகை மாதிரி ஊருக்குள் கொண்டுவரும். செடியில் படிந்தால் இலை கருகும். இரும்பில் படிந்தால் துரு. மின்கம்பத்துப் பீங்கானில் படிந்தால் மின்சாரம் போகும், அதனால் அதைக் கழுவ வேண்டும். காற்று கூடினால் சின்னத் தீவுகளுக்குப் படகு நிற்கும். சீமெய் மாதிரித் தள்ளியிருக்கும் தீவில் இருப்பவர் காய்கறிக்கும் தபாலுக்கும் கடல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காற்றுக்கு ஏற்ற வீட்டுத்தோட்டம்

இதற்கெல்லாம் பெங்ஹு மக்கள் கண்டுபிடித்த பதில் ரொம்ப எளிமையானது. கடலிலிருந்து பவளக்கல்லை எடுத்து வருவார்கள். அதை வெளியில் போட்டு, வெயிலும் மழையும் உப்பை இறக்கும்வரை விட்டுவிடுவார்கள். பிறகு வீட்டுச் சுவருக்கும் தோட்டத்துக்கும் அதே கல். சின்னச் சின்னப் பாத்திகளைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ சாந்து பூசாமல் கல்லை அடுக்கினால் தோட்டம் தயார். மேலிருந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும்.

சாந்து பூசாததில் ஒரு விஷயம் இருக்கிறது. முழுசா மூடிய சுவரில் காற்று மோதினால், மேலே தாவி, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடியைப் பிடுங்கும். இடுக்கு உள்ள சுவர் காற்றைச் சல்லடை மாதிரி வடிகட்டி, வேகத்தை மட்டும் குறைத்து உள்ளே விடுகிறது. அதற்குள்ளே முட்டைக்கோஸ், பூண்டு, கீரை எல்லாம் வளர்ந்துவிடும். முட்டைக்கோஸ் மிஞ்சினால் உப்பிட்டுப் புளிக்கவைத்து எடுத்து வைப்பார்கள். திறந்த வயலில் கோடையில் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் பீர்க்கங்காயும் விளையும். குளிர்காலத்தில் அந்த நிலம் சும்மா கிடக்கும். இலையுதிர் காலத்தில் தோண்டிய சர்க்கரைவள்ளியைச் சீவிப் போட்டால், காற்றே காயவைத்துக் கொடுக்கும். ரொம்ப காலம் குளிர்கால உணவு அதுதான்.

இந்தத் தோட்ட வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. ஆண்கள் கடலுக்கு, பெண்கள் வயலுக்கும் அலை வற்றிய கரைக்கும். பெங்ஹு பெண்ணின் உழைப்பைத் தைவான் உழவு மாட்டோடு சேர்த்துச் சொல்லும் பழமொழி ஒன்று அங்கே உண்டு. அதில் பாராட்டு எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

குளிர்காலம்தான் வேலைக்காலம்

இதுவரை சொன்னதை வைத்து, குளிர்காலம் என்றால் வீட்டுக்குள் பதுங்கியிருக்கும் காலம் என்று தோன்றலாம். அப்படி இல்லை.

பெங்ஹு கடலோரத்தில் 500-க்கும் மேற்பட்ட கல் அணைகள் இருக்கின்றன. ஆற்று அணை இல்லை, மீன் பிடிக்கும் அணை. ஆழமில்லாத கடலில் கல்லை அடுக்கி, கையை நீட்டி வளைத்த மாதிரி நீளமான சுவர் கட்டுவார்கள். முனை உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். ஏற்றத்தில் கடல் சுவரை மூடிவிடும், மீன் மேய உள்ளே வரும். வற்றத்தில் தண்ணீர் கல் இடுக்கு வழியாக வெளியேறும், மீன் உள்ளேயே நின்றுவிடும். சீமெய் தீவில் இரண்டு இதயம் ஒன்றோடொன்று இணைந்த மாதிரித் தெரியும் அணையை, தைவான் சுற்றுலா விளம்பரங்களில் நீங்க பார்த்திருக்கலாம்.

விளம்பரத்தில் அதைக் கோடை வெயிலில்தான் காட்டுவாங்க. ஆனால் கல் அணைக்கு அறுவடைக் காலம் குளிர்காலம். வாடை அடிக்கும்போது படகு போக முடியாது, அதே காற்று மீன் கூட்டத்தைக் கரைப் பக்கம் தள்ளும். கரையிலிருந்து நடந்தே போய்ப் பிடிக்கலாம். ஒரு அணைக்குப் பல குடும்பங்கள் பங்குதாரர்கள். கட்டும்போது கல் சுமந்தவருக்குப் பங்கு உண்டு. எந்த நாள் யார் முறை என்று முன்னாலேயே பிரித்துவிடுவார்கள். நள்ளிரவில் வற்றம் வந்தாலும் முறைக்காரர் போயாகணும்.

அடுத்தது கடல்பாசி. சிகான் கிராமத்துக்கு வடக்கே கூபோ என்று ஆளில்லாத தீவு இருக்கிறது. சூப்பில் போடும் கருஞ்சிவப்புப் பாசி அதன் பாறைகளில் குளிர்காலத்தில் மட்டும் முளைக்கும். அலை அறையும் இடத்தில்தான் நன்றாக வளரும். அதைப் பறிக்கும் உரிமை சிகான் ஊருக்கு உரியது. கோயில் நிர்வாகம் நாள் குறித்த பிறகு ஊரே படகேறிப் போய், வழுக்கும் பாறையில் குனிந்து சுரண்டி எடுத்து வரும். ஆழக்கடலில் வஞ்சிரத்துக்கும் இதுதான் சீசன். நம்ம வஞ்சிரமேதான், இனம்கூட மாறவில்லை.

ஆக, பழைய கணக்கில் பெங்ஹுவுக்கு 'ஆஃப்' என்று ஒரு பருவமே கிடையாது. கடுமையான பருவம் உண்டு, அவ்வளவுதான். ஆபத்தும் உண்டு. 2008 பிப்ரவரியில் காற்று நாள்கணக்கில் ஓயாமல் அடித்து, சீனக் கரையோரக் குளிர்நீரைத் தெற்கே தள்ளியது. கடல் சட்டென்று குளிர்ந்து, பவளப்பாறை மீன்களும் கூண்டில் வளர்த்த மீன்களும் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கின.

வருஷம் தலைகீழானது

பிறகு மோட்டார் படகும் நைலான் வலையும் வந்தன. கரையோர மீன் குறைந்தது. இளைஞர்கள் கௌஷியுங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அணைக் கல் சரிந்தால் எடுத்து அடுக்க ஆள் இல்லை. அந்த இடத்தில் சுற்றுலா வந்தது. 2002 மே மாதம் பெங்ஹு அருகே சைனா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடலில் விழுந்து 225 பேர் இறந்தார்கள். அதில் படுத்துப்போன சுற்றுலாவை எழுப்ப 2003-ல் ஆரம்பித்ததுதான் இப்போது பிரபலமாக இருக்கும் வாணவேடிக்கை விழா. அதுவும் காற்று இல்லாத மாதங்களில்தான்.

இந்த மாற்றம் எங்கே நல்லாத் தெரியும் என்றால் ஜிபெய் தீவில். கல் அணைகள் அதிகமாக இருந்த தீவு அது. இன்றைக்கு மணல்திட்டும் நீர் விளையாட்டுமாகக் கோடையில் கூட்டம் அலைமோதும் தீவும் அதுவே. ஒருகாலத்தில் குளிர்காலம்தான் அங்கே சோறு போட்டது. இப்போது அது கடை சாத்தும் காலம். மணல் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. எந்த ஆறு மாதத்தில் காசு வருகிறது என்பதுதான் மாறிவிட்டது. ஹோட்டலில் வேலை செய்பவருக்குக் குளிர்காலத்தில் வேலை இல்லை. சிலர் தைவானுக்குப் போய்விட்டு வசந்தத்தில் திரும்புகிறார்கள். பதிவில் பெங்ஹுக்காரர், வாழ்வது வேறு ஊர் என்று இருப்பவர்கள் நிறைய.

இரண்டு வாக்கெடுப்பு

இதற்கு மருந்தாக முன்வைக்கப்பட்டதுதான் சூதாட்ட விடுதி. 2009 ஜனவரியில் தைவான் சட்டத்தைத் திருத்தியது. வெளித்தீவுகளில் மக்கள் வாக்கெடுப்பில் சம்மதித்தால் கேசினோ கட்டலாம். ஆதரித்தவர்களின் வாதம் சாதாரணமானதில்லை. சூதாட்ட மேசை நான்கு சுவருக்குள் இருக்கும், அதற்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. குளிர்காலத்திலும் விமானம் நிறையும், பிள்ளைகள் ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றார்கள். எதிர்த்தவர்கள் குடும்பம், குற்றம், நிலம், தண்ணீர் என்று கேட்டார்கள்.

2009 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் 'வேண்டாம்'. 2016 அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை 81 சதவீதம் 'வேண்டாம்'. இரண்டு தடவையும் வாக்களிக்க வந்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஏழு வருஷத்தில் கோடைச் சுற்றுலா வளர்ந்திருந்தது, அதனால் கேசினோ அவசரம் குறைந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், குளிர்காலத்தை நிரப்பக் கிடைத்த பெரிய வாய்ப்பை இரண்டு முறை ஊரே திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்கான விலையாக ஒவ்வொரு நவம்பரிலும் வருமானம் நிற்பதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து "அமைதியான தீவு" என்று ரசிப்பவர்கள், அந்த அமைதிக்குக் காசு கொடுப்பது யார் என்பதை மறந்துவிடக் கூடாது.

சின்னச் சின்ன முயற்சிகள் நடக்கின்றன. காற்றாலைகள் இருக்கின்றன. காற்றுப்பாய்ச் சறுக்கு விளையாடுபவர்கள் இதே காற்றைத் தேடிக் குளிர்காலத்தில் வருகிறார்கள். வயதான கல் அணை மேஸ்திரிகளிடம் எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று இளைஞர்கள் சிலர் கற்றுக்கொள்கிறார்கள். இதெல்லாம் மீன்பிடித் தொழிலைத் திருப்பிக் கொண்டுவராது. ஆனாலும் குளிர்காலத்தில் ஊரில் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

அப்படி ஒரு காரணம் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமியில், காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே, பெங்ஹு கோயில்களில் ஆமை வேண்டுதல் நடக்கும். அரிசி மூட்டையை அடுக்கிச் செய்த ராட்சத ஆமை, மாவில் செய்த ஆமை, சில கோயில்களில் தங்க ஆமைகூட. சாமி முன்னால் பிறைவடிவ மரத்துண்டுகளைப் போட்டுச் சம்மதம் கேட்பார்கள். சம்மதம் கிடைத்தவர் ஆமையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷம் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கோயிலுக்குத் திருப்பித் தர வேண்டும். ஆமையை வாங்கியவர் அடுத்த குளிர்காலத்திலும் ஊருக்கு வந்தாகணும்.