கற்றுக்கொண்டே இருக்கவேண்டிய கைகள்

எங்கேனும் நோவு கண்டால் நமது கை தானாகவே அவ்விடத்தை நாடுகிறது. இடிபட்ட முழங்காலைப் பொத்திப் பிடிக்கிறோம்; பிடித்துக்கொண்ட கழுத்தைத் தடவிக்கொடுக்கிறோம். மனிதனோடு பிறந்த இச்செயலே பல தலைமுறையினரின் உழைப்பினால் ஒரு துறையாக வளர்ந்து, இன்று பிஸியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்தின் முக்கிய பகுதியாக விளங்குகின்றது. ஆயின், தடவுவது வேறு; எங்கே, எவ்வளவு, எப்பொழுது தொடவேண்டும் என்பதையும், எப்பொழுது தொடவே கூடாது என்பதையும் அறிந்து தொடுவது வேறு. அவ்வறிவை ஒருமுறை கற்றுத் தேறிவிட்டால் ஆயுள் முழுவதற்கும் போதுமா? இத்துறையின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது.

நான்கு தாதியரின் முயற்சி

1894ஆம் ஆண்டு இலண்டனில் நான்கு தாதியர் ஒன்றுகூடி, பயிற்சி பெற்ற உருவுநருக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அக்காலத்தில் உடம்பு பிடித்துவிடும் தொழிலின் பெயரால் சில விடுதிகளில் ஒழுக்கக்கேடான செயல்கள் நடந்துவந்தன. நேர்மையாகத் தொழில் புரிவோர்மீதும் பழி விழுந்தது. அப்பழியைத் துடைக்க அத்தாதியர் கையாண்ட கருவி பரீட்சை. முறையாகக் கற்றுத் தேறியவரே தொழில் செய்யலாம் என்ற விதியை அவர்கள் வகுத்தனர். 1920இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கமே பிரித்தானிய இயன்மருத்துவரின் சங்கமாக இன்றும் நிலைத்திருக்கின்றது. கல்வியே இத்தொழிலுக்கு மானம் காத்தது எனலாம்.

அடிலெயிட் நகரத்து ஆசிரியர்

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வாழ்ந்த ஜெப்ரி மெயிற்லண்ட் (1924–2010), முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் அசைக்கும் முறைகள் பற்றி 1964இல் ஒரு நூலை வெளியிட்டார். மூட்டு அசைவுகளை அவர் நான்கு படிகளாக வகுத்தார். துருப்பிடித்த கீலையுடைய கதவொன்றை நினைத்துப் பாருங்கள். கதவு அசையத் தொடங்கும் இடத்தில் மிகச் சிறிதளவு அசைப்பது முதற்படி. தடை தொடங்கும் இடத்தை எட்டாமல், அகலமாக அசைப்பது இரண்டாம் படி. அகலமாக அசைத்துத் தடைக்குள்ளும் செல்வது மூன்றாம் படி. தடையுள்ள எல்லையில் நின்று சிறிதாக அசைப்பது நான்காம் படி. நோவு மிகுந்தவருக்கு முதலிரண்டு படிகளும், விறைப்பு மிகுந்தவருக்குப் பின்னிரண்டு படிகளும் பெரிதும் பயன்படும்.

இப்படிகளிலும் சிறந்தது அவர் புகட்டிய பழக்கம். சிறிது நேரம் சிகிச்சை செய். உடனே நோயாளியை மீண்டும் சோதி. மாற்றம் இல்லையெனில் உன் முறையை மாற்று என்பதே அப்போதனையின் சாரம். தன் கைவித்தையிலும் நோயாளியின் உடல் கூறும் விடையை நம்பு என்று அவர் கற்பித்தார். 1974இல், கைவழிச் சிகிச்சையில் மேற்கல்வி பெற்றோருக்கான சர்வதேசச் சம்மேளனம் மொன்றியல் நகரில் அமைந்தபோது, அதை நிறுவியோருள் அவரும் ஒருவராயிருந்தார்.

கவிழ்ந்து படுத்த நோயாளி

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1956இல் நிகழ்ந்த சம்பவம் இன்னும் சுவையானது. நாரிநோவும் கால்நோவும் கொண்ட ஒருவரை, இளம் இயன்மருத்துவரான ரொபின் மக்கென்சி கட்டிலிற் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். முன்பு வந்த நோயாளிக்காக அக்கட்டிலின் ஒரு முனை உயர்த்தப்பட்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. சில நிமிடங்கள் கழித்து மக்கென்சி திரும்பியபோது, அம்மனிதர் முதுகு பின்புறமாக நன்கு வளைந்த நிலையிற் கிடந்தார். அக்கால நம்பிக்கைப்படி அது ஆபத்தான நிலை. நோயாளியோ, வாரக்கணக்கில் இருந்திராத சுகம் என்றார், கால்நோவு அகன்றுவிட்டது! படித்த பாடத்துக்கு முரணானது என்று மக்கென்சி அதைத் தள்ளிவிடவில்லை. மற்ற நோயாளிகளிடத்தும் பொறுமையுடன் அவதானித்து, எத்திசை அசைவு எவருக்கு நன்மை தரும் எனக் கண்டறியும் ஒரு முறையை உருவாக்கினார்.

மாறிய நம்பிக்கைகள்

நாரிநோவுக்குப் படுக்கையே மருந்து என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், 2 நாள் ஓய்வும் 7 நாள் ஓய்வும் ஒரே பயனைத் தந்தன. 2 நாள் ஓய்வு கூறப்பெற்றோர் வேலைக்குச் செல்லாதிருந்த நாட்களோ 45 வீதம் குறைவாயிருந்தன. இன்று, இயன்றவரை நடமாடுங்கள் என்பதே அறிவுரை.

விலகிய எலும்பைக் கை திரும்பப் பொருத்துகின்றது என்பதும் ஒரு பழைய நம்பிக்கை. 1998இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 10 நோயாளிகளின் இடுப்பு மூட்டை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நுட்பமான கதிர்ப்படங்களால் அளந்தனர். மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது! கைச்சிகிச்சையால் நோவு தணிவது உண்டு. அதற்கு நரம்புகளின் வழியாக நிகழும் மாற்றங்களே முக்கிய காரணம் என இன்று கருதப்படுகின்றது. பழைய விளக்கத்தையே ஓதும் மருத்துவர், தம் முதுகெலும்பு எந்நேரமும் விலகிவிடும் என்ற வீண் அச்சத்தை நோயாளியின் மனத்தில் விதைத்துவிடுகிறார்.

கல்லாமையின் விலை இன்னும் பெரிதாகவும் இருக்கலாம். நாரிநோவுடன் சிறுநீர் கழிப்பதிற் தடை, தொடைகளின் இடையே மரத்துப்போதல் ஆகியன தோன்றினால், அது கைகளுக்குரிய வேலையன்று. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய அவசரம். கழுத்தைச் சடுதியாகத் திருப்பி நெட்டி முறிப்பது, மிக அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் நாடியைக் கிழித்துப் பாரிசவாதத்தை உண்டாக்கவல்லது.

தொடர்ந்து கற்பதெவ்வாறு?

ஐக்கிய இராச்சியத்தில் இயன்மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கையில், தாம் தொடர்ந்து கற்றுவருவதாக உறுதி கூறவேண்டும். அவருட் சிலரைத் தெரிந்தெடுத்துச் சான்றும் கேட்பர். ஆயினும் வகுப்பிற் சென்று அமர்ந்தால் மட்டும் போதாது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கழுத்துநோவுச் சிகிச்சை பற்றிய இரண்டு நாள் வகுப்புக்கு இயன்மருத்துவர் பலர் சென்றனர். அவருள் ஒரு பகுதியினருக்கு மட்டும், பின்னரும் சிறு குழுக்களாகக் கூடிக் கலந்துரையாடவும், ஆசிரியரின் உதவியுடன் பயிலவும் வாய்ப்பளிக்கப்பட்டது. இவர்களின் நோயாளிகளே அன்றாட வேலைகளைச் செய்வதிற் கூடுதலான முன்னேற்றம் கண்டனர். அவர்கள் சிகிச்சைக்கு வந்த தடவைகளும் குறைந்தன. கைத்திறன், காண்போர் திருத்தத் திருத்தவே வளரும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே, உங்கள் வீட்டார் எவரேனும் இச்சிகிச்சைக்குச் செல்ல நேர்ந்தால், தொடுமுன் கேள்விகள் கேட்பவரையும், தொட்டபின் மீண்டும் சோதிப்பவரையும் நாடுங்கள். இத்துறையை விரும்பும் மாணவர்களும் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். பரீட்சையிற் தேறிய நாள், பிறர் உடலைத் தொட அனுமதி கிடைத்த நாள் மாத்திரமே. அவ்வனுமதிக்குத் தகுதியுடையவராயிருத்தல் ஒவ்வொரு நாளும் கற்றுப் பெறவேண்டியதொன்று.