மைல்ஸ் கையில இருந்தும் டிக்கெட்டுக்கு கூடுதல் பாயின்ட் கேட்பது ஏன்? விமானப் பாதையில் ஒளிந்திருக்கும் கணக்கு!

கிரெடிட் கார்டு, விமானப் பயணம்னு வருஷக்கணக்கா சேர்த்த பாயின்ட்ஸ். ஊருக்குப் போக டிக்கெட் போடலாம்னு பார்த்தா, ஒரே ஊருக்கு ஒரு வழியில் ஒரு கணக்கு, இன்னொரு வழியில் வேறு கணக்கு. ஏன் இப்படி?

தூரம்தான் விலை

ஏர் கனடாவின் 'ஏரோபிளான்' திட்டத்தையே எடுத்துக்கலாம். கனடாவில் வாழும் நம்மவர்கள் பலரும் பயன்படுத்துவது இது. இதில் லுஃப்தான்சா, எத்தியோப்பியன் போன்ற கூட்டணி நிறுவனங்களின் விமானத்தில் போனால், தூரத்தை வைத்தே பாயின்ட் கணக்கிடப்படும். இங்கதான் விஷயமே இருக்கு. நேர்க்கோட்டு தூரம் இல்லை. ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்தின் தூரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

டொராண்டோ - டெல்லி நேரடி தூரம் சுமார் 7,230 மைல். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் சுமார் 7,750 மைல். அடிஸ் அபாபா வழியாகப் போனால் கிட்டத்தட்ட 10,000 மைல்! 8,000 மைலைத் தாண்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். அதற்கு பாயின்ட் அதிகம். 4 பேர் குடும்பம்னா அந்த வித்தியாசமும் 4 மடங்கு.

எம்.பி.எம். என்றால் என்ன?

அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மைல் தூரம். இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு சுற்றிப் போகலாம் என்பதற்கான வரம்பு இது. பொதுவாக நேரடி தூரத்தைவிட 20% அதிகம் இருக்கும். டொராண்டோ - டெல்லிக்கு இந்தக் கணக்குப்படி சுமார் 8,700 மைல் வரும். இந்த வரம்பை வைத்து டிக்கெட் தரும் திட்டத்தில், அடிஸ் அபாபா வழி ஒரே டிக்கெட்டில் கிடைப்பது கஷ்டம்.

24 மணி நேரம் முக்கியம்

சர்வதேசப் பயணத்தில், விமானம் மாறும் ஊரில் 24 மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டால் அது வெறும் 'கனெக்‌ஷன்'. அதைத் தாண்டினால் 'ஸ்டாப்ஓவர்'. பல திட்டங்களில் இதற்கு அனுமதியே கிடையாது. 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஏரோபிளானில், ஒருவழி டிக்கெட்டிலேயே கூடுதலாக 5,000 பாயின்ட் கொடுத்து ஒரு ஸ்டாப்ஓவர் சேர்க்கலாம். ஆனால், ஊர் சுற்ற விமான நிலையத்தை விட்டு வெளியே வர விசா தேவையா என்பதை முதலில் பாருங்க.

டிக்கெட் போடும்முன் கவனிக்க

* வழியை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்க. ஒவ்வொன்றின் மொத்த மைலையும் கூட்டுங்க.
* படி மாறும் எல்லைக்கு அருகில் இருந்தால், இடையில் மாறும் ஊரை மாற்றினாலே பாயின்ட் குறையலாம்.
* பாயின்ட் தவிர வரி, கட்டணம் எவ்வளவு என்றும் பாருங்க.
* நடுவில் ஒரு விமானத்தை விட்டுவிட்டால், மீதிப் பயணம் ரத்தாகிவிடும்.

விதிகளும் பாயின்ட் அளவும் அடிக்கடி மாறும். எனவே, பணம் கட்டும் நாளில் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.