ஜீப்புக்கு ஆக்சில் மாத்தணுமா? பழைய பார்ட்ஸில் காசு எங்கே மிச்சமாகும், எங்கே கரையும்? முழு விவரம்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோ வைத்திருப்பவரா நீங்கள்? மேடு பள்ளத்தில் ஓடி ஓடி ஆக்சில் சத்தம் போட ஆரம்பித்திருந்தால், 'மொத்தமா மாத்திடலாம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். புது பார்ட்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பழைய மாடல்களுக்குப் புதுசு கிடைப்பதே சிரமம். அதனால் பெரும்பாலானவர்கள் பழைய பார்ட்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம். மலிவாக ஒரு ஆக்சில் கிடைத்துவிட்டால் காசு மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கி வந்தது வண்டியில் உட்காராமல் போனால்தான் உண்மையான செலவே ஆரம்பிக்கும்.

ஆக்சில் மாற்றுவது என்றால் என்ன?

இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புக் குழாய்தான் ஹவுசிங். அதன் உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட், இன்ஜினில் இருந்து வரும் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் இருக்கும். இந்த மொத்த செட்டையும் கழற்றிவிட்டு, வேறு வண்டியின் செட்டைப் பொருத்துவதுதான் ஆக்சில் மாற்றம்.

முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய ஜீப், ஜிப்ஸி வகைகளுக்குத்தான் இது சுலபம். 2010-ல் வந்த தாரின் சில வகைகளிலும், 2020-ல் வந்த புதிய தாரிலும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அவற்றின் முன்பக்கம் இப்படி மாற்றும் வேலைக்கு ஒத்து வராது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பெரிய தொகை மிச்சமாவது இந்தக் கேள்வியில்தான். சக்கரம் பக்கம் ஆயில் ஒழுகினால் உடனே ஆக்சில் போச்சு என்று அர்த்தம் இல்லை. ஹவுசிங் மேலே பிரீதர் என்ற சின்ன மூச்சுத் துளை இருக்கும். சேறு, தூசி போய் அது அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தாண்டி வெளியே வரும். துளையைச் சுத்தம் செய்து, சீலை மாற்றினாலே பல நேரம் பிரச்னை தீரும்.

'ஊம்' என்ற சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம், பல்சக்கரமும் தேய்ந்திருக்கலாம். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பளபளவென இரும்புத் துகள்கள் நிறைய வந்தால் உள்ளே பல் அடிபட்டிருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹவுசிங் வளைந்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோதான் மாற்றும் பேச்சே வர வேண்டும்.

பார்ட்ஸ் எங்கே தேடலாம்?

திருத்தணியில் இருந்து ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் அருகே கூவம் கரையை ஒட்டிய புதுப்பேட்டை, பழைய வண்டி பார்ட்ஸுக்குப் பேர் போன இடம். காலையிலேயே போய் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு, அன்றே ஊர் திரும்பலாம்.

ராணுவம் கழித்துவிடும் வண்டிகள் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. மூலம் ஆன்லைனில் ஏலம் விடப்படுகின்றன. அதில் வாங்குபவர்களிடம் இருந்து பார்ட்ஸ் வெளிச்சந்தைக்கு வருவதும் உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்களும் இயங்குகின்றன.

புது பார்ட்ஸ் வாங்குவோருக்கும் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். முன்பு 28 சதவீதம் இருந்தவற்றில், வரிக்கு முந்தைய விலை 10,000 ரூபாய் என்றால் 12,800 கட்ட வேண்டியிருந்தது. இப்போது 11,800. பழைய விலைப் பட்டியலைக் காட்டி யாராவது கூடுதலாகக் கேட்டால், பில்லில் வரி எவ்வளவு என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் அளவு எடுங்க

இந்த 5 அளவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, கையில் டேப்போடு போங்கள்.

1. ஒரு பக்கச் சக்கரம் உட்காரும் முகப்பில் இருந்து மறுபக்க முகப்பு வரை மொத்த அகலம்.

2. பட்டை ஸ்பிரிங் உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரம். இது மாறினால் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் குழாய் வளைந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

3. டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்கிறதா, இடமா, வலமா. முன்பக்கம் இது மாறினால் புரபெல்லர் ஷாப்ட் நேராக வராது.

4. சக்கர போல்ட் எண்ணிக்கையும் அந்த வட்டத்தின் அளவும். பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் 5 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஆனால் போல்ட் பொருந்துவதால் மட்டும் ஆக்சில் பொருந்திவிடாது.

5. கிரவுன், பினியன் விகிதம். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கிரவுன் பற்களின் எண்ணிக்கையைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவதுதான் விகிதம். பழைய வில்லிஸ் ஜீப்பில் 43 பல், 8 பல். அதாவது சுமார் 5.38. இதுவே 39-க்கு 8 என்றால் சுமார் 4.88.

முன்னால் 5.38, பின்னால் 4.88 போட்டுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் போட்டால் என்ன ஆகும்? முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் வேறு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். தார் ரோட்டில் டயர் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் கியர் பெட்டிக்குப் போகும். ஏதாவது ஒன்று உடையும். அதனால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதாக இருந்தால், மறுபக்கத்தின் அதே விகிதம்தான் வேண்டும். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒரே வண்டியில் இருந்து வந்த ஜோடியாக வாங்குங்கள்.

கடையில் பிரிக்காமலே இதைப் பார்க்கலாம். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். பினியன் முகப்பு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் விகிதம். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

எதைப் பழசாக வாங்கலாம், எது புதுசுதான்?

ஹவுசிங், ஹப், பிரேக் டிரம் போன்றவற்றை விரிசல், வளைவு, தேய்மானம் பார்த்துப் பழசாகவே வாங்கலாம். கிரவுன், பினியன் இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடி. ஒரு வண்டி கிரவுனுக்கு இன்னொரு வண்டி பினியனைப் போட்டால் சத்தம் நிற்கவே நிற்காது.

பேரிங், ஆயில் சீல், யு போல்ட், புரபெல்லர் ஷாப்ட் கிராஸ், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். இவற்றைப் புதுசாகத்தான் போட வேண்டும். சில ஆக்சில்களில் சக்கரத்தைத் தாங்குவதே உள்ளே இருக்கும் ஷாப்ட்தான். அது உடைந்தால் சக்கரம் தனியாகக் கழன்று வரும். மலைப்பாதை இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தனித்தனியாக வாங்குவதை விட, டிரம் முதல் டிரம் வரை பிரேக்கோடு சேர்ந்த முழு செட்டாக வாங்குவதே பெரும்பாலும் லாபம். முதலில் விலை கூடத் தெரியும். ஆனால் விட்டுப்போன பிராக்கெட், போல்ட், லேத் கூலி என்று பின்னால் வரும் செலவு குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த ஆக்சிலுக்குப் பதில் அதே மாடலின் ஆக்சிலைப் போடுவது பழுது பார்க்கும் வேலை. டூ வீல் டிரைவ் வண்டியை ஃபோர் வீல் டிரைவ் ஆக்குவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். எனவே சந்தேகம் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆந்திராவில் பழைய வண்டி வாங்கிப் பிரிக்கலாமா?

நகரி, புத்தூர் பக்கத்தில் முழு வண்டியே மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. பார்ட்ஸ் மட்டும் வாங்கினால் பில் போதும். முழு வண்டியை வாங்கினால் ஆர்.சி., கடன் பாக்கி, உரிமையாளர் பெயர் எல்லாம் பார்க்க வேண்டும். இனி ஓடவே முடியாத நிலைக்கு வந்த வண்டி பற்றி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து, பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதைச் செய்யாவிட்டால், அந்த நம்பரை யாராவது தவறாகப் பயன்படுத்தும்போது கேள்வி பழைய உரிமையாளருக்கும் வரும், வாங்கியவருக்கும் வரும்.

பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் உஷார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடை பெயர், தேதி, என்ன பார்ட், எந்த வண்டியில் இருந்து வந்தது என்று எழுதிய பில்லை வாங்கி, ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, அந்த பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.