இருபதில் ஒரு பங்கு ஜீப்

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் தாமாகவே வெளிவந்துவிடும். குழந்தை இயேசுவுக்குக் குடில் அமைக்கும் கைவேலையைப் பிள்ளைகளுக்கு எவரும் பாடமாக நடத்துவதில்லை. பெற்றோர் செய்யக் கண்டு அவர்கள் கற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு பழகிய கைகளுக்குக் கோடை விடுமுறையில் சற்றுக் கடினமான வேலையொன்றைத் தரலாம். நம் கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளில் ஓடும் ஜீப்பை, அளவு பிசகாமல், சிற்றுருவில் செய்வதே அவ்வேலை.

குடிலில் ஆடு மாட்டைவிடப் பெரிதாக இருந்தாலும் யாரும் குறை கூறார். மாதிரி வண்டிக்கோ அளவே உயிர். கடையில் விற்கும் துண்டுகளை வாங்கிப் பொருத்துவது அன்று நாம் கருதுவது. வரைபடம் முதல் வண்ணம் வரை யாவும் நம் கையாலேயே ஆக வேண்டும்.

வண்டிகள் பலவிருக்க ஜீப்பைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. பட்டறைகளில் ‘பாடி’ என்று வழங்கும் அதன் மேற்கூடு பெரும்பாலும் தட்டையான தகடுகளால் ஆனது. ஆதலால் அட்டையில் வெட்டி மடிப்பது எளிது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் கொணர்ந்து பூட்டும் பணியை மகீந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் தொடங்கியது. 1953இல் வெளிவந்த வில்லிஸ் சி.ஜே.3பி என்னும் வகையும் பின்னர் உரிமம் பெற்று இங்கே செய்யப்பட்டது. அதில் உயரமான புதிய இஞ்சினை அடக்குவதற்காகவே பானெட்டை உயர்த்தினர். வண்டியின் முகத்தோற்றம் அதன் உள்ளுறுப்பால் அமைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி வரைபடம். பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் ஆகிய மூன்றும் கொண்ட படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் கிடைத்ததை அப்படியே நம்பிவிடலாகாது. சக்கரம் வட்டமாக உள்ளதா, அல்லது படம் இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டதா? பக்கத் தோற்றத்தில் காணும் உயரமும் முன் தோற்றத்தில் காணும் உயரமும் ஒன்றா? இவ்விரண்டையும் முதலில் நோக்குக. அடுத்து, உறுதியாகத் தெரிந்த ஓர் அளவைக் கொண்டு படத்தைச் சரிசெய்க. சி.ஜே.3பி ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம். அதாவது 2,032 மில்லிமீட்டர். இருபதில் ஒரு பங்கு என்னும் அளவில் அது 101.6 மில்லிமீட்டர் ஆகும். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் படத்தை ஏற்றி, அவ்விடைத்தூரம் சரியாக 101.6 ஆகும்வரை படம் முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்குக. படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடொன்றும் வரைந்து வைக்கவும். அச்சுப்பொறி தாளுக்கேற்பப் படத்தைச் சிறிதாக்கியிருந்தால், அச்சிட்ட பின் அக்கோட்டின் மீது அளவுகோலை வைத்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

எனினும் இணையத்துப் படம் அயல்நாட்டு ஜீப்பின் படமே. நம் பகுதியில் ஆட்களை ஏற்றிச் செல்பவற்றுள் பல நீண்ட உடலுடையவை. பின்புறம் எதிரெதிரே இரு பலகை இருக்கைகளும், மேலே சுமை வைக்கும் கம்பிச் சட்டமும் கொண்டவை. ஆகவே அளவு நாடாவுடன் ஜீப் நிற்குமிடத்துக்கே செல்ல வேண்டும். உரிமையாளரின் இசைவு பெற்று, பிள்ளை அளக்கத் தந்தை குறித்துக்கொள்ளலாம். படம் ஒன்று சொல்லி வண்டி வேறொன்று சொன்னால், வண்டி சொல்வதே மெய். இக்கைவேலையின் முதற் பாடமும் அதுவே.

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை போதுமானது. ஆனால் இருபது மடங்கில் அது 20 மில்லிமீட்டர் தடிப்பாகும். மெய்யான தகடோ அதனினும் பன்மடங்கு மெல்லியது. எனவே கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து மெலிதாக்குக. மடிக்க வேண்டிய இடத்தில் கத்தியின் முதுகால் இலேசாகக் கீறினால் மடிப்பு நேராக விழும். மட்கார்டு போன்ற வளைவுகளுக்கு அட்டையை எந்தத் திசையில் வளைத்தால் எளிதில் இணங்குகிறதோ, அத்திசையில் வெட்டுக. ஒட்டிய பின் இடுக்குகளில் பட்டி இட்டு, உலரவிட்டு, தேய்த்து, அதன் பிறகே வண்ணம் பூசுக. டிங்கரிங் பட்டறையில் மெய்யான ஜீப்புக்கு நடைபெறுவதும் இதே வரிசைதான்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளத் தக்கதன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்க்கும் இளைஞர்க்கும் இத்தகைய போட்டிகளை நடத்திக் கல்வி உதவித்தொகை வழங்கியது. 1947இல் அதில் பரிசு வென்ற சக் ஜோர்டன் என்பார், 1986இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

ஆயினும் நம் பள்ளத்தாக்கில் இவ்வேலைக்கு வேறொரு பொருளும் உண்டு. பொழுது புலருமுன் கம்பம், போடி, கூடலூர்ப் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நம் தாய்மாரும் சகோதரிகளும் செல்வது இந்த ஜீப்புகளில்தான். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒருவர் நெருக்கமின்றி அமர ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேண்டும் என்று கொண்டால், நம் மாதிரியில் அது 2 சென்டிமீட்டர். எட்டு சென்டிமீட்டர்ப் பலகையொன்றை வெட்டி ஒட்டும் பிள்ளை, அதில் நால்வரே அமர முடியும் என்பதைத் தானே கண்டுகொள்ளும். “அப்படியானால் அம்மா போகிற ஜீப்பில் இத்தனை பேர் எப்படி உட்காருகிறார்கள்?” என்ற கேள்வி அப்போது எழும். அக்கேள்வியை எந்தப் பெற்றோரும் அடக்கிவிட வேண்டாம். அன்னையின் உழைப்பும், வண்டியில் ஏற்றும் ஆட்களுக்கு ஓர் அளவு உண்டென்னும் நீதியும் அந்தச் சிறு பலகையின் மேல் தெளிவாகத் தெரிகின்றன.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளுக்கு நிறுவினார். அது நம் பிள்ளைகளின் விடுமுறைக் காலமாக அமைந்தது நல்வாய்ப்பே. அன்றைய தினம் அளவு நாடாவையும் அட்டையையும் எடுத்து வையுங்கள். வேலை முடிய விடுமுறை முழுதும் பிடிக்கலாம், பிடிக்கட்டும். முடிந்த வண்டியை அலமாரியில் வைக்குமுன், தோட்டத்திலிருந்து திரும்பும் அன்னையின் கையில் அதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். அளவு சரியா என்று சொல்ல அவரைவிடத் தகுதியுடையவர் வேறு யார்?