மிகை எடையும் உயர்தீவிர இடைவெளிப் பயிற்சியும்

உயர்தீவிர இடைவெளிப் பயிற்சி என்பது சில நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாகவும், அடுத்த சில நிமிடங்கள் மெதுவாகவும் மாறி மாறிச் செய்யப்படும் உடற்பயிற்சி ஆகும். நார்வே முறையில், உச்ச இதயத்துடிப்பின் 85–95 விழுக்காட்டில் 4 நிமிடம் வீதம் 4 சுற்றுகள். இடையே 3 நிமிட மெதுநடை.

கடும் உழைப்பில் தசை தன் கிளைக்கோசன் இருப்பைச் செலவழிக்கிறது. அதை மீண்டும் நிரப்ப இரத்தத்திலுள்ள குளுக்கோசை ஈர்த்துக்கொள்கிறது; இன்சுலினுக்கும் முன்பைவிட நன்கு இணங்குகிறது. ஒருமுறை செய்த பயிற்சியின் இந்தப் பயன் ஓரிரு நாள் நீடிக்கும். எடை குறையாதபோதும் இது நிகழ்வதால், எடைப்பொறியை மட்டும் நம்பிப் பயிற்சியைக் கைவிடுவது தவறு.

கடும் பயிற்சி இயலாதோருக்கு மிதமான பயிற்சியும் உதவும். சென்னையில் மிகை எடையும் நீரிழிவு முன்நிலையும் கொண்ட 578 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, தேவைப்பட்டோருக்கு மெட்ஃபார்மின் ஆகியவை சேர்ந்து நீரிழிவு அபாயத்தை 32 விழுக்காடு குறைத்தன. முழங்கால் வலியோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, நடையிலிருந்தே தொடங்கலாம்.