ட்ரோன் ஆசையும் மாசச் சம்பளமும்: ஒரு தடவை பறக்க உண்மையில எவ்வளவு ஆகும்?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, கையில கொஞ்சம் காசு நிக்க ஆரம்பிக்கும். அப்போ வர்ற ஆசைகள் நமக்குத் தெரியும்: பைக், கேமரா, கிட்டார். இப்போ அந்த வரிசையில குவாட்காப்டரும் சேர்ந்திருக்கு. கண்ணுல காகிள்ஸ் மாட்டிக்கிட்டு, நாமளே சால்டர் பண்ணிச் செஞ்ச ட்ரோனை ரேடியோவுல ஓட்டுற அந்த எஃப்.பி.வி. ஹாபியைத்தான் சொல்றேன்.

ஆசைப்படறது தப்பே இல்ல. எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கலாம், சாயங்காலம் போனைக் கீழ வைக்க ஒரு காரணமும் கிடைக்கும். ஆனா இதுல எல்லாரும் ட்ரோன் விலையை மட்டும் பார்த்துட்டு இறங்குறாங்க. மாசாமாசம் போற காசு எது, ஒரே ராத்திரியில பெரிய நஷ்டம் வரக்கூடிய இடம் எதுன்னு யாரும் கணக்குப் போடறதில்ல. அந்தக் கணக்கை இன்னைக்குப் போட்டுடலாம்.

முதல்ல, மொத்த பில்

அஞ்சு இன்ச் புரொப்பெல்லர் மாட்டுற சைஸ்தான் இந்த ஹாபியில ரொம்பப் பரவலானது. அதையே உதாரணமா எடுத்துக்கலாம். விலை எல்லாம் கணக்குக்காக ரவுண்டா போட்டது. கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் மாறும்.

வானத்துல பறக்குற பொருள்:

- கார்பன் ஃபைபர் ஃப்ரேம்: ₹3,500
- பிரஷ்லெஸ் மோட்டார் 4: ₹7,200
- ஃப்ளைட் கன்ட்ரோலர், இ.எஸ்.சி. சேர்ந்த ஸ்டாக்: ₹7,500
- கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா: ₹5,000
- ரிசீவர்: ₹1,500
- புரொப்பெல்லர் 4 செட்: ₹1,200

கூட்டினா ₹25,900. "ட்ரோன் 26 ஆயிரத்துல முடிஞ்சிடும்"னு வீடியோக்கள்ல சொல்றது இந்தத் தொகையைத்தான். தரையில இருக்க வேண்டிய பொருளையும் பாருங்க:

- கையில பிடிக்கிற ரேடியோ: ₹8,000
- அனலாக் காகிள்ஸ்: ₹8,000
- பேலன்ஸ் சார்ஜர்: ₹5,000
- பேட்டரி 4: ₹10,000
- சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர், தீ தாங்குற பை, சில்லறை: ₹3,500

இது ₹34,500. ரெண்டும் சேர்த்து ₹60,400. பறக்குற பொருளை விட தரையில இருக்குற பொருளுக்குத்தான் அதிகம் போகுது. இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ட்ரோன் உடைஞ்சாலும் ரேடியோ, காகிள்ஸ், சார்ஜர் மூணும் பல வருஷம் வரும். அடுத்த ட்ரோனுக்கும் அதையே வச்சுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில சார்ஜரை நேரா கரண்ட் பிளக்ல சொருக முடியாது, தனியா ஒரு பவர் சப்ளை வாங்கணும். விலை கம்மியா இருக்கேன்னு எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

"ரெடிமேடா வெளிநாட்டுல இருந்து வாங்கிடலாமே?"

வேண்டாம். 2022 பிப்ரவரியில மத்திய அரசு முழுசா செஞ்ச ட்ரோன் இறக்குமதியைத் தடை செஞ்சிருச்சு. பிரிச்சு கிட்டா அனுப்பினாலும் அதே தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு மாதிரி வேலைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனா உதிரி பாகங்களுக்குத் தடை இல்ல. நம்ம ஊர் ஹாபி கடைகள்ல மோட்டாரும் ஃப்ரேமும் தனித்தனியா கிடைக்குறது அதனாலதான். ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட்ல ஆஃபர்னு முழு ட்ரோனை ஆர்டர் போட்டா, அது கஸ்டம்ஸ்ல நிக்கும், உங்க காசும் அங்கேயே நிக்கும்.

ஒரு பறப்புக்கு எவ்வளவு?

பைக்குக்கு மைலேஜ் பார்க்குற மாதிரி, இதுக்கு "ஒரு பேக்குக்கு எவ்வளவு"ன்னு பாருங்க. 4எஸ் 1500 எம்.ஏ.ஹெச். பேட்டரி ஒண்ணு போட்டா, ஓட்டுற வேகத்தைப் பொறுத்து சுமார் 4 நிமிஷம் பறக்கும்.

- கரண்ட்: அந்த பேட்டரியோட கொள்ளளவு 14.8 வோல்ட் பெருக்கல் 1.5 ஆம்பியர் ஹவர், அதாவது 22.2 வாட் ஹவர். சார்ஜர்ல வீணாகுறதையும் சேர்த்து, யூனிட்டுக்கு ₹8 வச்சாலும் 25 பைசாவைத் தாண்டாது.
- பேட்டரி தேய்மானம்: ₹2,500 பேட்டரி 100 தடவை வந்தா, தடவைக்கு ₹25.
- புரொப்பெல்லர்: ₹300 செட் 10 பறப்புக்கு வந்தா ₹30.
- ரிப்பேர்: 40 பறப்புக்கு ஒரு மோட்டார் போகும்னு எடுத்து வச்சா, ₹1,800 வகுத்தல் 40, ₹45.

ஆக, ஒரு பறப்புக்கு சுமார் ₹100. நிமிஷத்துக்கு ₹25. ஞாயிறுக்கு ஞாயிறு 4 பேக் ஓட்டினா மாசம் 16 பறப்பு, ₹1,600. கரண்ட் பில் பயம் வேண்டவே வேண்டாம். அது இந்தக் கணக்குல தூசி.

இப்போ அந்த 100 தடவையை மட்டும் மாத்திப் பாருங்க. பேட்டரியைச் சரியா கவனிக்காம அது 40 தடவையிலேயே உப்பிப் போச்சுன்னா, தடவைக்கு ₹62.50. வருஷத்துக்கு 192 பறப்பு. நல்லா வச்சுக்கிட்டா பேட்டரிச் செலவு ₹4,800. கெடுத்துக்கிட்டா ₹12,000. வித்தியாசம் ₹7,200. மாசம் ₹600, ஒரு சின்ன எஸ்.ஐ.பி. போடுற காசு.

அந்த ₹600-ஐ மிச்சம் பிடிக்க பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நாலு எண் தெரிஞ்சா போதும்.

அந்த நாலு எண்: 4.2, 3.5, 3.8, 1

இது லித்தியம் பாலிமர் பேட்டரி. சுருக்கமா லிப்போ. உங்க போன்லயும் லித்தியம் பேட்டரிதான். ஆனா அதுக்குள்ள ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கு. ஃபுல் ஆனா அது நிறுத்திக்கும், ரொம்ப இறங்கினா அணைச்சுடும். ட்ரோன் பேக்ல அந்தக் காவல்காரன் கிடையாது. நீங்கதான் காவல்காரன்.

*4.2 வோல்ட்:* ஒரு செல் ஃபுல் ஆகுற அளவு. 4எஸ்னா நாலு செல், 16.8 வோல்ட். இதைத் தாண்டி ஏத்தினா தீ அபாயம். சார்ஜர்ல "லிப்போ", "லிப்போ ஹெச்.வி."ன்னு தனித்தனி மோடு இருக்கும். ஹெச்.வி. மோடு 4.35 வரைக்கும் ஏத்தும். சாதா பேக்கை அந்த மோடுல போட்டுடாதீங்க. ஸ்டார்ட் அமுக்குறதுக்கு முன்னாடி மோடு, செல் எண்ணிக்கை ரெண்டையும் வாய்விட்டுப் படிங்க.

*3.5 வோல்ட்:* பறக்கும்போது செல் இந்த அளவுக்கு வந்தா தரையிறக்கணும். காகிள்ஸ் திரையில எச்சரிக்கை வர்ற மாதிரி பீட்டாஃப்ளைட்ல செட் பண்ணிக்கலாம். "இன்னும் ஒரு ரவுண்டு" ஆசைதான் பேட்டரியைக் கொல்லும்.

*3.8 வோல்ட்:* வீட்ல வைக்கும்போது இருக்க வேண்டிய அளவு. 3.8-ல இருந்து 3.85 வரைக்கும் சரி. பேட்டரி ஆயுசுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சனிக்கிழமை ராத்திரி நாலு பேக்கையும் ஃபுல்லா ஏத்தி வைக்கிறீங்க. ஞாயிறு மழை. "அடுத்த வாரம் ஓட்டிக்கலாம்"னு அப்படியே அலமாரியில வச்சீங்கன்னா, அந்த ஒரு வாரமும் செல் உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். ஓட்டலைன்னா அன்னைக்கோ மறுநாளோ சார்ஜர்ல "ஸ்டோரேஜ்" மோடு போட்டு இறக்கிடுங்க. ஓட்டி முடிச்ச பேக்கையும், சூடு ஆறின பிறகு, அதே மோடுல 3.8-க்கு ஏத்தி வைங்க.

*1 சி:* சார்ஜ் பண்ற வேகம். 1500 எம்.ஏ.ஹெச். பேக்குக்கு 1.5 ஆம்பியர், 1300-க்கு 1.3. "ஃபாஸ்ட் சார்ஜ் தாங்கும்"னு பேக்ல எழுதியிருந்தாலும், அவசரம் இல்லாதப்போ 1 சி போதும்.

எப்பவும் பேலன்ஸ் மோடுதான். பேக்ல இருந்து தனியா வர்ற சின்ன வெள்ளை கனெக்டரையும் சார்ஜர்ல சொருகணும். அதை வச்சுத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா அளந்து சமமாக்கும். நாலுல ஒரு செல் மட்டும் எப்பவும் பின்தங்குதுன்னா, அந்த பேக் ரிட்டயர் ஆகப் போகுதுன்னு அர்த்தம்.

வாடகை ரூம்ல இருக்கீங்களா? இதைத் தாண்டிப் போகாதீங்க

₹2,500 பேட்டரி போனா போகட்டும். நாலு பேர் படுக்குற பி.ஜி. ரூம்ல, ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்துல சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கினா, பேட்டரியோட போகாது. லிப்போ தீ சில நொடியில பெருசாகும், அதோட புகை விஷம். போறது லேப்டாப், சர்டிஃபிகேட், ஹவுஸ் ஓனர்கிட்ட குடுத்த அட்வான்ஸ். அதை விடப் பெருசு, பக்கத்துக் கட்டில்ல தூங்குறவரோட உயிர்.

அதனால:

- முழிச்சிருக்கும்போது, நீங்க அதே ரூம்ல இருக்கும்போது மட்டும் சார்ஜ். குளிக்கப் போனாலும் நிறுத்திட்டுப் போங்க.
- மெத்தை, மர மேசை, திரைச்சீலை பக்கம் வேண்டாம். டைல்ஸ் தரை நல்லது. தீ தாங்குற பைக்குள்ள வைங்க, பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும்.
- ஓட்டிட்டு வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க.
- உப்பின பேக், விழுந்து நசுங்கின பேக் ரெண்டையும் சார்ஜ் பண்ணவே கூடாது. "₹2,500 ஆச்சே"ன்னு மனசு சொல்லும். கேக்காதீங்க.
- பல பேக்கை ஒண்ணா சேர்த்து ஏத்துற பேரலல் போர்டு புதுசா வர்றவங்களுக்கு வேண்டாம். நாலு பேக் ஒவ்வொண்ணா ஏத்த ஸ்டோரேஜ்ல இருந்து சுமார் மூணு மணி நேரம் ஆகும். ஒரு படம் பாருங்க.
- புகை கிளம்பிட்டா பொருளைக் காப்பாத்த நிக்காம எல்லாரையும் வெளியேத்திட்டு 101 அல்லது 112 கூப்பிடுங்க.

பழைய பேக்கைக் குப்பை வண்டியில போடாதீங்க. முழுசா டிஸ்சார்ஜ் பண்ணி, மின்கழிவு வாங்குற இடத்துல குடுங்க. பொங்கலுக்கு ஃப்ளைட்ல ஊருக்குக் கொண்டு போறீங்கன்னா, கனிமுனையில டேப் ஒட்டி கைப்பையில வைங்க. செக்-இன் பெட்டியில உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக் கூடாது. நம்ம பேக் 22 வாட் ஹவர்தான், 100 வரைக்கும் பொதுவா தனி அனுமதி தேவைப்படாது.

சட்டமும் ஒரு செலவுதான்

ட்ரோன் விதிகள் 2021 படி 250 கிராம் வரைக்கும் "நானோ". அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் "மைக்ரோ". நம்ம அஞ்சு இன்ச் பேட்டரியோட சேர்த்து 250-ஐ சுலபமா தாண்டிடும், அதனால மைக்ரோ. பொழுதுபோக்குக்கு ஓட்டினா பைலட் சான்றிதழ் தேவையில்ல. ஆனா பதிவு செஞ்சு அடையாள எண் வாங்கணும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் வேணும். நானோவுக்கு மட்டும்தான் அந்த இன்சூரன்ஸ்ல விலக்கு. விதி மீறினா அபராதம் ₹1 லட்சம் வரைக்கும் போகலாம். மேல போட்ட ₹60,400-ஐ விட அதிகம்!

ஓட்டுற இடத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பார்த்துட்டுப் போங்க. பச்சை மண்டலத்துல 400 அடி உயரம் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். பல்லாவரம், குரோம்பேட்டை மாதிரி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஏரியாக்கள்ல மொட்டை மாடியில இருந்து கிளப்புற யோசனையை விட்டுடுங்க. கோயம்புத்தூர்க்காரங்க பீளமேடு, சூலூர் ரெண்டையும் கணக்குல எடுங்க. காகிள்ஸ் போட்டா சுத்தி என்ன நடக்குதுன்னு தெரியாது. ட்ரோனைக் கண்ணால பார்த்துக்கிட்டே இருக்க ஒரு நண்பர் பக்கத்துல நிக்கணும்.

"கல்யாண வீடியோ எடுத்து காசைத் திருப்பிடலாம்"னு பிளான் இருக்கா? வீட்ல செஞ்ச ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் கேட்காததே அது பொழுதுபோக்குக்கு மட்டும், கண் பார்வைக்குள்ள ஓடுறதாலதான். காசு வாங்கினா அந்தச் சலுகை போயிடும். மைக்ரோவை வணிகத்துக்கு ஓட்ட பைலட் சான்றிதழும் வேணும். அதனால இதை செலவா மட்டும் எழுதுங்க, வருமானமா எழுதாதீங்க.

எந்த வரிசையில வாங்கலாம்?

₹60,400-ஐ கிரெடிட் கார்டுல தேய்க்க வேண்டாம். நோ காஸ்ட் இ.எம்.ஐ.னு சொன்னாலும், பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதி மேல 18% ஜி.எஸ்.டி.யும் ஸ்டேட்மென்ட்ல வரும். மாசம் ₹5,000 ஒதுக்கினா ஒரு வருஷத்துல முழு செட்டும் கைக்கு வந்துடும், கடன் இல்லாம. வரிசை இப்படி:

1. முதல் 2 மாசம்: ரேடியோவும் ஒரு சிமுலேட்டரும் மட்டும். ரேடியோவை யு.எஸ்.பி.யில லேப்டாப்ல மாட்டி ஓட்டலாம். அங்க 100 தடவை இடிச்சாலும் ₹0.
2. 20 மணி நேரம் சிமுலேட்டர்ல ஓட்டின பிறகும் ஆசை இருந்தா, காகிள்ஸும் உள்ளங்கை சைஸ் வூப் ஒண்ணும். அது நானோ வகை, ஹால்லயே ஓட்டலாம், ஒத்தை செல் பேட்டரிதான்.
3. அதுக்கப்புறம் அஞ்சு இன்ச். முதல் தடவை பவர் கொடுக்கும்போது புரொப்பெல்லர் கழட்டியே இருக்கட்டும், ஸ்மோக் ஸ்டாப்பர் மாட்டுங்க. சால்டர்ல ஷார்ட் இருந்தா ₹7,500 ஸ்டாக்கை அது காப்பாத்தும்.

ரெண்டாவது படியிலேயே ஆசை அடங்கிப் போச்சா? நல்லது. ₹60,000 போக வேண்டிய இடத்துல பாதிக்கும் குறைவாவே செலவாகியிருக்கும். ரேடியோவையும் காகிள்ஸையும் செகண்ட்ஸ்ல வித்துடலாம்.

எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்சூரன்ஸும் ரெடி பண்ணிட்டீங்கன்னா, மாசம் ₹1,600-க்கு ஞாயிற்றுக்கிழமை காலையில 16 நிமிஷம் பறக்குறது தாராளமா செய்யக்கூடிய செலவு. உங்க ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. ஒரு பறப்புக்கு எவ்வளவு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல சேர்ந்து பார்ப்போம்.