கடனுக்கு ஒளிந்த நீதிபதி

1790 டிசம்பரில் ஃபிலடெல்பியா கல்லூரியில் ஜேம்ஸ் வில்சன் தன் முதல் சட்ட உரையை நிகழ்த்தியபோது, கேட்க வந்து உட்கார்ந்தவர்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். வில்சன் ஸ்காட்லாந்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, ஜான் டிக்கின்சனிடம் தொழில் கற்ற வக்கீல். சுதந்திரப் பிரகடனம், அரசமைப்புச் சட்டம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறே பேர். அவர்களில் இவரும் உண்டு. தலைமை நீதிபதி பதவியைத் தனக்கே தரும்படி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். கிடைத்தது உச்ச நீதிமன்ற நீதிபதி பதவி.

1789 செப்டம்பர் 24 அன்று பெயர் செனட்டுக்குப் போனது. 26 அன்று ஒப்புதல் வந்துவிட்டது. இப்போது அதே பதவிக்கு வாரக்கணக்கில் இழுபறி, தொலைக்காட்சியில் நேரலை, கட்சி கட்டிக்கொண்டு ஓட்டு. அன்று அந்த நாற்காலிக்கு இவ்வளவு மவுசு கிடையாது. வில்சனோடு நியமனமான ஜான் ரட்லெட்ஜ் 1791இல் அதை உதறிவிட்டு, தென் கரோலினாவில் மாநில நீதிபதியாகப் போய்விட்டார். இன்று யாராவது போவார்களா?

வேலையும் அப்படித்தான். நீதிபதிகள் ஆறு பேர், தலைமை நீதிபதி தவிர மற்றவர்களுக்கு ஆண்டுச் சம்பளம் 3,500 டாலர், சொந்தக் கட்டடம் கிடையாது. 1790இல் நியூயார்க்கில் கூடிய முதல் அமர்வில் விசாரிக்க ஒரு வழக்குகூட இல்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை வண்டியிலும் குதிரையிலும் ஊர் ஊராகப் போய்ச் சுற்று நீதிமன்றம் நடத்த வேண்டும். தென் மாநிலச் சுற்றின் பாதை மட்டும் ஏறத்தாழ 1,800 மைல். இன்றைய ஒன்பது நீதிபதிகளுக்கு 1935 முதல் பளிங்கு மாளிகை. மனுக்கள் ஆயிரக்கணக்கில் அவர்களைத் தேடி வருகின்றன.

வில்சனைக் கெடுத்தது நில ஆசை. நீதிபதியாக இருந்துகொண்டே கடன் வாங்கி நிலம் வாங்கிக் குவித்தார். யாரும் கணக்குக் கேட்கவில்லை. 1796-97 நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. நியூஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காகச் சிறை. வெளியே வந்து வட கரோலினாவின் எடென்டனுக்கு ஓடினார். அங்கும் விடவில்லை. இந்த முறை சிறைக்கு அனுப்பியவர், அரசமைப்புச் சட்டத்தில் அவரோடு கையெழுத்திட்ட பியர்ஸ் பட்லர்! உள்ளே இருந்தபோதும் வில்சன் உச்ச நீதிமன்ற நீதிபதிதான். பதவி ஆயுளுக்கும் உரியதாயிற்றே.

மத்திய அரசு 1833இல் கடனுக்குச் சிறை என்பதைக் கைவிட்டது. 1978 சட்டப்படி நீதிபதிகள் ஆண்டுதோறும் சொத்து விவரம் தர வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றம் தனக்கென நடத்தை விதிகளையும் எழுதிக்கொண்டது. அதை மீறினால் யார் கேட்பது என்பதுதான் அதில் இல்லை. அந்த ஓட்டை வில்சன் காலத்து ஓட்டைதான்.

அந்தச் சிறையிலிருந்தும் வெளிவந்த பிறகு, 1798 ஆகஸ்டில், எடென்டன் விடுதி ஒன்றில், மலேரியாவும் பக்கவாதமும் தாக்கி வில்சன் இறந்தார். இளம் மனைவி ஹன்னா அருகில் இருந்தார். உடலை அந்த ஊர்ப் பண்ணையொன்றில் புதைத்தார்கள். ஃபிலடெல்பியா தேவாலயத்துக்கு அவர் எச்சங்கள் வந்து சேர்ந்தது 1906இல்.